வெற்றிலைக் கடைக்குப் போன கஞ்சி

கண்டி மார்க்கெட்டின் பெரிய வாசலுக்குள் கால் வைத்ததும் மூக்குத்தான் முதலில் விழித்துக்கொள்ளும். என் வயதை ஒத்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு பக்கம் கருவாடு, ஒரு பக்கம் பழுத்த பலா, நடுவில் ஈரச் சாக்கு. இன்னும் உள்ளே போனால் கறுவாவும் கராம்பும் ஏலமும். வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்த உயர்ந்த கூரைக்குக் கீழே ஒரு மங்கலான குளிர்ச்சி இருக்கும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அங்கே சந்தை கூடியது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கட்டடத்தை எத்தனை தடவை இடித்துக் கட்டினார்களோ, எனக்குத் தெரியாது. வாசம் மட்டும் மாறவேயில்லை.

நோன்புக்குச் சாமான் வாங்கவென்று போன கிழமை கலகெதரயில் பஸ் ஏறப் புறப்பட்டேன். மருமகள் தடுத்துப் பார்த்தாள்.

"மாமி, எல்லாம் பெக்கட்ல ஈக்கிதானே. என்னத்துக்கு இந்த வெயில்ல கண்டிக்குப் போற?"

"பெக்கட்டத் தொறந்து மோந்து பாக்க விடுவானா மகள்?"

அவள் சிரித்துக்கொண்டே குடையை எடுத்துத் தந்தாள்.

குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கி, மெல்ல நடந்து, மார்க்கெட்டுக்குள் போனேன். வாங்க வேண்டியதை வாங்கினேன். அப்புறம் கால் தானாகவே ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அங்கே இப்போது ஆனைக்கொய்யாவும் ட்ராகன் பழமும் அடுக்கியிருக்கிறார்கள். "என்ன வேணும் உம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓர் ஆனைக்கொய்யாவை வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம்தான் வாப்பாவின் மிளகு, கறுவா விற்கிற சரக்குக் கடை இருந்தது. அந்தப் பக்கம், வாசலை ஒட்டினாற்போல, வெற்றிலைக் கடை மாமா.

மாமா என்றால் எங்கள் சொந்தமில்லை. அவர் நெற்றியில் திருநீறு பூசுகிறவர். அவருடைய தகப்பன் ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து டவுனுக்கு இறங்கி வந்தவராம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தேங்காயும் கற்பூரமும், இவ்வளவுதான் அவருடைய வியாபாரம். வெற்றிலையின் மேல் எந்நேரமும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். பாதித் தண்ணீர் எங்கள் மிளகுச் சாக்கில் விழும். அதற்காக வாப்பா தினமும் ஒரு தடவை சத்தம் போடுவார்.

வாப்பா அவரை "அண்ணே" என்பார். அவர் வாப்பாவை "நானா" என்பார். இரண்டுக்கும் மூத்தவர் என்றுதானே அர்த்தம். ரெண்டு பேரில் யார் மூத்தவர் என்று ஒருநாள் கேட்டேன்.

"அவருதான். தலைய பாருங்க மகள், பாதி நரச்சி" என்றார் வாப்பா.

"ஏன், நானாவுக்கு முடி இருந்தாத்தானே நரைக்க?" என்றார் மாமா. வாப்பா தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

நோன்பு மாதத்தில் அந்த இரண்டு கடைக்கும் ஒரு வழக்கம் இருந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி கொடுப்பார்கள். தூக்குச் சட்டி நிறைய அதை வாங்கிவந்து, முதல் கோப்பையை வாப்பா மாமாவுக்குத்தான் ஊற்றுவார். சும்மா மேலாக ஊற்றமாட்டார். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி, கெட்டியாகவும் கறித்துண்டு விழும்படியாகவும் பார்த்து ஊற்றுவார். மாமாவும் சும்மா இருக்கமாட்டார். எங்கள் ஆள் கணக்குக்கு இரண்டிரண்டு கோழிக்கூட்டு வாழைப்பழம் பிய்த்து, தூணில் இருந்த கல் விளிம்பில் வைத்துவிடுவார்.

கஞ்சிக் கோப்பை கையில் வந்தாலும் மாமா வாய் வைக்கமாட்டார். பள்ளியில் நோன்பு துறக்கிற பாங்கு சொல்ல வேண்டும். மார்க்கெட் இரைச்சலில் எங்கள் கடைக்குப் பாங்கு கேட்காது. வாசலை ஒட்டியிருந்த அவருடைய கடைக்குத்தான் கேட்கும். அவர் காதை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பார். கேட்டதும் திரும்பி, "நானா, சொல்லியாச்சு!" என்பார். அதற்குப் பிறகுதான் வாப்பா ஈச்சம்பழத்தை வாயில் வைப்பார். அவரும் ஒரு மிடறு கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "இந்தக் கஞ்சிய குடிக்கவாச்சும் மாசத்துக்கு ஒரு நோம்பு வரக்கூடாதா நானா?" என்பார். இது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நடந்துவந்தது.

எனக்குப் பத்து வயது நடந்த வருடம் நோன்பும் தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலமும் ஒரே மாதத்தில் வந்தன. அதற்குக் கொஞ்சம் முன்னால் என் தம்பிக்கு நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபாய்ட், வந்தது. அவனுக்கு நாலு வயது. கண்டி ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். உம்மா அவனோடு அங்கேயே தங்கிவிட்டார். கலகெதர வீட்டைப் பூட்டிவிட்டு வாப்பாவும் நானும் கட்டுக்கலையில் உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டுக்கு வந்துவிட்டோம். நோன்பு மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. சாச்சி வீட்டில் கைக்குழந்தை இருந்தது. காய்ச்சல் வீட்டிலிருந்து வந்த பிள்ளை குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று சாச்சி நேரே சொல்லவில்லை. நான் மடியில் வைத்திருந்த குழந்தையைப் பால் கொடுக்க என்று வாங்கிக்கொண்டு போனவர், அப்புறம் என் மடியில் தரவேயில்லை. வாப்பாவுக்கு விளங்கிவிட்டது. மறுநாளிலிருந்து என்னையும் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சாச்சி மட்டுமில்லை. வாப்பாவிடம் வழக்கமாகச் சரக்கு வாங்குகிற இரண்டு மூன்று பேர் எங்கள் கடையைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போனதை நானே பார்த்தேன். வாப்பா அவர்களைப் பார்க்காததுபோல் தராசுத் தட்டைத் துடைத்தார்.

அந்த நாட்களில் மாமாதான் எங்களுக்குத் துணை. பகலில் வாப்பா ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு கடையையும் அவரே பார்த்துக்கொள்வார். நோன்பு தொடங்குவதற்கு முந்திய நாள் செவ்விளநீர் இரண்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் வெற்றிலையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"எப்பிடி அண்ணே ஈக்கிறான்?" என்று வாப்பா கேட்டார்.

"கண்ணத் தொறந்து பாத்தான் நானா. என்னை யாருன்னு தெரியல."

வாப்பா அன்று மிளகு நிறுக்கும்போது இரண்டு தடவை பிழை விட்டார்.

அந்த வருடம்தான் நான் முழு நோன்பு பிடிக்கத் தொடங்கினேன். நோன்பு பிடித்தால் தம்பிக்குச் சுகமாகும் என்று யாரும் சொல்லவில்லை. நானாக மனதுக்குள் அப்படி நிய்யத்து வைத்துக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை பழமும் பலாவும் மணக்கிற மார்க்கெட்டுக்குள் பகல் முழுக்க நோன்போடு இருப்பது லேசா? வாய் கொப்பளிக்கப் போவதாகச் சொல்லிப் பின்பக்கக் குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொள்வேன். சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமல் உதட்டை இறுக்கிக்கொள்வேன். அஸருக்குப் பிறகு கஞ்சித் தூக்கைச் சுமந்துவரும்போது மூடியின் இடுக்கால் இஞ்சியும் ரம்பை இலையும் தேங்காய்ப்பாலும் கறியும் சேர்ந்து ஒரு ஆவி வரும். அந்த ஆவியைக் குடித்தால் நோன்பு முறியுமா என்று ஒருநாள் வாப்பாவிடம் கேட்டேன். வாப்பா சிரித்தது அந்த மாதத்தில் அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

மாமாவுக்கென்று ஒரு கோப்பை இருந்தது. வெள்ளை எனாமல், நீல விளிம்பு, ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்து கறுப்பாகத் தெரியும். அது இப்போது எங்கே போனதோ! மார்க்கெட்டில் பழைய எனாமல் சாமானைக் கண்டால் இன்றைக்கும் தூக்கிப் பார்ப்பேன். அந்தக் கோப்பையில் கறித்துண்டு விழுவதை நான் தினமும் எண்ணிக்கொண்டு நிற்பேன். மூன்று விழுந்தால் மிச்சத்தில் எனக்கு ஒன்று கிடைக்கும். நாலு விழுந்தால் எனக்குச் சில நாள் ஒன்றுமில்லை.

அந்த வருடம் மாமா கோப்பையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். பாங்கைக் கேட்டு வாப்பாவுக்குச் சொல்வார். அப்புறம், "பின்னால காத்தாட நின்னு குடிச்சிட்டு வர்றேன்" என்று கோப்பையோடு போய்விடுவார். கோப்பை திரும்பி வரும்போது சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்துப் பளபளவென்று வரும். முன்பெல்லாம் கழுவாமல்தான் தருவார்.

எட்டாவது நோன்போ ஒன்பதாவதோ, எனக்குச் சரியாக நினைவில்லை. நோன்பு துறந்ததும் கை கழுவக் குழாயடிக்குப் போனேன். அங்கே மரப்பெட்டி ஒன்றின் மேல் குந்திக்கொண்டு மூட்டை தூக்குகிற கிழவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவர் சிங்களவர். எல்லாக் கடைக்கும் மூட்டை தூக்குவார், எல்லாருடனும் தனக்குத் தெரிந்த தமிழில் பேசுவார். அவர் கையில் நீல விளிம்புக் கோப்பை. பக்கத்தில் மாமா கைகளைக் கட்டிக்கொண்டு அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழவர் கறித்துண்டை விரலால் எடுத்து வாயில் போட்டதைக் கண்டேன்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் அழுகையும் வருகிறது. எனக்குக் கிடைக்காத கறித்துண்டு அது! வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்ல வேண்டியதுதானே?

கடையைப் பூட்டும்போது வாப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"வாப்பா, மாமா கஞ்சி குடிக்கிற இல்ல. மூட்ட தூக்குற கிழவனுக்குக் குடுக்கிற."

பலகையைத் தூக்கிய வாப்பாவின் கை அப்படியே நின்றது. "கண்ணால கண்டீங்களா?"

"ஓ. கண்டேன்."

"ஒரு நாளா?"

"தெரியா. கோப்பைய ஒவ்வொரு நாளும் சாம்பல் போட்டுக் கழுவித்தானே தார."

வாப்பா பலகையைப் பொருத்தினார். பூட்டைப் போட்டார். இழுத்துப் பார்த்தார். பிறகும் இழுத்துப் பார்த்தார். நடக்கத் தொடங்கியபின் மெதுவாகச் சொன்னார்: "காய்ச்ச வீட்டுக் கோப்பைண்டு பயந்திட்டாரு. வாணாமெண்டு எனக்கிட்ட சொல்லீக்கலாம். அந்த ஏழைக் கிழவனுக்கா குடுக்குற? அவனுக்கு ஒட்டினாப் பரவால்லயா?"

கடை தாண்டிப் போன வாடிக்கையாளர்களுக்கும் சாச்சிக்கும் வாப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவரிடம்தான் அவருக்கு வலித்தது.

மறுநாள் காலை வாப்பா இரண்டு கடைக்கும் நடுவில் தூணிலிருந்து ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார். மிளகில் தண்ணீர் படுகிறது என்று பொதுவாகச் சொன்னார். மாமா, "அதுவும் சரிதான் நானா" என்றார். பகலில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாப்பா கடையைப் பூட்டினார்.

அன்று மாலை கஞ்சி வந்தது. வாப்பா இரண்டு கோப்பைதான் ஊற்றினார். மாமா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சாக்கின் ஓரத்தில் வந்து நின்றார்.

"பாப்பா, இன்னைக்குப் பள்ளில கஞ்சி காச்சலையா?"

நான் வாப்பாவைப் பார்த்தேன்.

"காச்சினாங்க" என்றார் வாப்பா.

மாமா துடைத்த கையை மறுபடியும் துடைத்துக்கொண்டார். அப்புறம் சாக்கின் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அடிக்கஞ்சி எனக்கு வந்தது. நாலு கறித்துண்டு. நன்றாகத்தான் இருந்தது. அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

மாமா வாழைப்பழம் வைப்பதை நிறுத்தவில்லை. தூணின் கல் விளிம்பில் நாலு பழம் தினமும் இருக்கும். உணவை வீசுவது பாவம். அதற்காக வாப்பா சாப்பிடவுமில்லை. அதே கிழவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார். ஆகக்கூடி அந்தக் கிழவருக்குக் கஞ்சி போய் வாழைப்பழம் வந்தது. என்ன நடக்கிறது என்று விளங்காமல் இரண்டு கடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே பழத்தை உரிப்பார்.

பாங்கு கேட்க வாப்பா என்னை வாசலுக்கு அனுப்பினார். நான் கேட்டுவிட்டு ஓடிவந்து சொல்ல வேண்டும். நாலைந்து நாள் சரியாகத்தான் நடந்தது. அப்புறம் பெரஹரா உச்சத்துக்கு வந்தது. பின்னேரத்திலிருந்தே தெருவெல்லாம் சனம். இடம் பிடிக்கப் பாய்களைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள், ஊதுகுழல் விற்கிறவர்கள், எங்கேயோ தவில் பழகுகிற மாதிரிப் பறையடி. யானையொன்று சங்கிலியை இழுத்துக்கொண்டு போனது. நான் வாசலில் நின்று யானையைப் பார்த்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், பாங்கை மறந்து யானையைத்தான் பார்த்தேன்.

உள்ளே வாப்பா ஈச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். அன்று அவருக்கு விடியுமுன் சாப்பிடுகிற ஸஹருக்கும் ஒன்றும் இறங்கவில்லை. முதல் நாள் இரவு தம்பிக்குக் காய்ச்சல் ஏறி உதறியிருக்கிறது. நான் நினைவு வந்து பதறிக்கொண்டு ஓடிவந்தபோது வாப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, பாங்கு..."

"சென்னாங்க" என்றார் வாப்பா.

"யாரு சென்ன?"

வாப்பா சாக்கைப் பார்த்தார். சாக்கின் பின்னாலிருந்து தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் நான் வாசலுக்குப் போகக் கிளம்பியபோது வாப்பா, "வாணாம் மகள், இங்கயே இரிங்க" என்றார். அன்றும் சாக்கின் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. "நானா, சொல்லியாச்சு." முன்போல உரக்க இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. வாப்பா பிஸ்மி சொல்லி நோன்பு துறந்தார். வேறொரு பேச்சும் அவர்களுக்குள் இல்லை. கஞ்சியும் போகவில்லை.

பெரஹரா முடிந்து ஒரு கிழமை இருக்கும். தம்பிக்குக் காய்ச்சல் இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ். இரண்டு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். வாப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மார்க்கெட் வழியாகத்தான் கொண்டுவந்தார். கடை கடையாக எல்லாரும் எழும்பி வந்து பார்த்தார்கள். வெற்றிலைக் கடையின் முன்னால் வாப்பாவின் நடை கொஞ்சம் மெதுவானது. மாமா எட்டிப் பார்த்தார். தம்பி மெலிந்து, கண் மட்டும் பெரிதாக இருந்தான். அவன் அவரைப் பார்த்து, "வாழப்பழ மாமா" என்றான். மாமா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். எங்களைக் கும்பிட்டாரா வேறு யாரையாவது கும்பிட்டாரா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வாப்பா தம்பியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

அடுத்த நாள் வெற்றிலைக் கடை திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வாப்பா பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் கிழவர் வாழைப்பழத்துக்கு வந்தார். விளிம்பு வெறுமையாக இருந்தது.

"மாமா எங்க போன?" என்று நான்தான் கேட்டேன்.

"வெத்தில ஐயா கதிர்காமம் போனது பேபி. பாரம் வெச்சது தானே, அது குடுக்கப் போனது." நேர்த்திக்கடனைத்தான் அவர் பாரம் என்றார்.

கறுவாப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்த வாப்பா நிமிர்ந்தார். "யாருக்கு வெச்ச பாரம்?"

"வேற யாருக்கு? மொதலாளிட சின்ன பேபிக்குத் தானே. பேபி சொகம் ஆகும் வரைக்கும் ஐயா மஸ் சாப்பிட இல்ல. மீன் இல்ல, முட்டையும் இல்ல. ஒரு வேளைதான் சோறு. கஞ்சில மஸ் இருக்கு தானே? அதுதான் எனக்குக் குடுத்தது." இறைச்சிக்குச் சிங்களத்தில் மஸ் என்பார்கள். கிழவர் தலையைச் சொறிந்துகொண்டார். "யாருக்கும் சொல்ல வாணாம் சொன்னது. இப்ப பேபி சொகம் தானே, சொன்னா பாவம் இல்ல தானே?"

வாப்பா கையிலிருந்த கறுவாக் கட்டைக் கீழே வைத்தார். கட்டு அவிழ்ந்து பட்டைகள் உருண்டு போயின. அவர் அதைப் பொறுக்கவில்லை. எழுந்து போய்ச் சாக்கை அவிழ்த்தார். அதை நாலாக மடித்து வைத்தார். விளக்குமாற்றை எடுத்து, பூட்டிக்கிடந்த வெற்றிலைக் கடையின் முன்னால் சுத்தமாகக் கூட்டினார். உதிர்ந்த பாக்குத் தோலைக்கூட விடவில்லை. கிழவரும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் நான் குனிந்து உருண்டுபோன பட்டைகளைப் பொறுக்கினேன். 

காய்ச்சல் விட்டதால் பெருநாள்வரை எல்லாரும் சாச்சி வீட்டிலேயே இருந்தோம்; அன்று அங்கே வாப்பா உம்மாவிடம் சொன்னார். உம்மா பயந்துபோனார். எங்கள் உம்மா ஐவேளையும் தவறாதவர்.

"நம்மட புள்ளைக்கு அவங்கட கோயில்ல நேத்தி வெச்சா... அது மார்க்கத்துல கூடுமா? பள்ளி ஹஸரத்துக்கிட்டக் கேப்பமா?"

"சொகத்தக் குடுத்தவன் அல்லாஹ். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல" என்றார் வாப்பா. "ஆனா அந்த மனிசன் எனக்குப் பக்கத்துல ஒரு மாசம் பட்டினி கெடந்தீக்கிறாரு. நான் நோன்பு பிடிச்சன், அவரும் பிடிச்சாரு. நடுவுல நான் சாக்குத் தொங்கப் போட்டன். அவரிட மொகத்த எப்பிடிப் பாக்குற? அதச் சொல்லுங்க மொதல்ல."

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹஸரத்தைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வாப்பா, "அவரு வந்தா நீங்கதான் கஞ்சி காச்சோணும். கறி போடாம. புதுச் சட்டில" என்றார்.

இருபத்தெட்டாவது நோன்பன்று வெற்றிலைக் கடை திறந்திருந்தது. மாமா தலையை மழித்திருந்தார். காய்ந்த சந்தனம் காதோரத்தில் ஒட்டியிருந்தது. சாக்கு இல்லாததைப் பார்த்தார். வாசல் கூட்டியிருந்ததைப் பார்த்தார். வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்தார். பாதி எங்கள் மிளகில் விழுந்தது. வாப்பா சத்தம் போடவில்லை. 

நான் சாச்சி வீட்டுக்கு ஓடினேன். உம்மா புது மண்சட்டியில் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் ரம்பையும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தார். பள்ளிக் கஞ்சியை ஒரு தூக்கிலும் அந்தக் கஞ்சியை இன்னொன்றிலும் சுமந்துகொண்டு வந்தேன். வாப்பா நீல விளிம்புக் கோப்பையை மூன்று தடவை கழுவி ஊற்றினார். என் கையில் தந்தார். நான் இரண்டடி வைப்பதற்குள், "இங்க தாங்க மகள்" என்று திரும்பவும் வாங்கித் தானே கொண்டுபோனார்.

"அண்ணே. கஞ்சி."

மாமா இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியவர் குடிக்கவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டுக் காதை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். வாப்பாவும் தன் கடைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றார். நாங்கள் மூன்று பேரும் மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவில் ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.

"நானா, சொல்லியாச்சு!"

அன்றைக்கு அது அடுத்த வரிசைவரை கேட்டிருக்கும்.

வாப்பா ஈச்சம்பழத்தைக் கடித்தார். மாமா ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடவில்லை. கோப்பையை ஆட்டிப் பார்த்தார். விரலை விட்டுத் துழாவினார்.

"நானா, கறி எங்க?"

"போட இல்ல அண்ணே. நீங்க... நேத்தி..." என்றார் வாப்பா.

"நேத்திதான் முந்தாநாளே முடிஞ்சிருச்சே! கதிர்காமத்துல இருந்து பஸ்ஸுல வர்ற வழி பூரா இந்தக் கஞ்சியத்தான் நெனச்சிக்கிட்டு வந்தேன். எட்டொம்பது நாளா அந்தக் கெழவன் கறித்துண்ட உருட்டி உருட்டித் திங்கிறதப் பாத்துக்கிட்டு நின்னேனே, அந்த வேதனை ஆண்டவனுக்குத்தான் தெரியும். இன்னைக்கின்னு பாத்துச் சைவக் கஞ்சியா?"

வாப்பா சிரிக்கத் தொடங்கினார். சிரித்தவர் அப்படியே தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மாமா கோப்பையை வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்தார்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சென்னா என்ன அண்ணே?"

"நேத்திய சொல்லக்கூடாது நானா. அதோட, சொன்னா ஒங்க மனசு சங்கடப்படுமேன்னு நெனச்சேன். கோவில் காரியம் பாருங்க. புள்ளைக்குத் துன்னூறு பூசல. நானே பூசிக்கிட்டேன்."

"நீங்க காய்ச்சலுக்குப் பயந்திட்டீங்கண்டு நான்..."

"காய்ச்சலுக்கா? நானா!" மாமா வாப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "அட, மண்டைல முடி இல்லைன்னுதான் நெனச்சிருந்தேன். உள்ளயும் ஒண்ணும் இல்லையா?"

அதற்குள் நான் என் கோப்பையைக் கையில் எடுத்திருந்தேன். பள்ளிக் கஞ்சி. நானே கரண்டியை அடிவரை விட்டு ஊற்றியது. மூன்று கறித்துண்டு இருந்தது. நான் இன்னும் வாய் வைக்கவில்லை. கரண்டியால் மூன்றையும் எடுத்து மாமாவின் கோப்பையில் போட்டேன்.

"நீ நோம்பு புடிச்ச புள்ள பாப்பா. உனக்கு வேணாமா?"

"எனக்குக் கறி புடிக்கா மாமா" என்றேன்.

நோன்பாளி பொய் சொல்லக்கூடாது. ஆனால் பாங்கு சொல்லிவிட்டார்கள்தானே. மாமா முதல் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வாப்பாவிடம் கோள் சொன்னது யார் என்று அவர் கேட்கவேயில்லை. நானும் சொல்லவேயில்லை.

இருவரும் இப்போது இல்லை. வாப்பா போனபோது மாமா வந்து, ஜனாஸா வெளியேறும்வரை எங்கள் வாசலில் செருப்பில்லாமல் நின்றார். மாமா இறந்த செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது. தம்பிக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவனுக்கு இது ஒன்றும் நினைவில்லை. "வாழப்பழ மாமாவா? யாரு தாத்தா அது?" என்று என்னிடமே கேட்கிறான். அக்காவை நாங்கள் தாத்தா என்போம்.

இன்னும் சில நாளில் நோன்புத் தலைப்பிறை. இப்போதெல்லாம் போனே பாங்கு சொல்லிவிடுகிறது, யாரும் யாருக்கும் காது கொடுக்கத் தேவையில்லை. நோன்பு துறக்கிற நேரத்தில் கேட்கிற துஆ மறுக்கப்படாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் உம்மாவுக்குக் கேட்பேன், வாப்பாவுக்குக் கேட்பேன், பிள்ளைகளுக்குக் கேட்பேன். கடைசியில், கஞ்சிக் கோப்பையை எடுப்பதற்கு முன்னால், வெற்றிலைக் கடை மாமாவுக்கும் கேட்பேன். எத்தனையோ வருடமாகக் கேட்டு வருகிறேன். வேறு மார்க்கத்தில் இறந்தவருக்குத் துஆ கேட்பது கூடுமா என்று எந்த ஹஸரத்திடமும் நான் விசாரித்ததில்லை. விசாரித்தால் பதில் சொல்லிவிடுவார்களே என்ற பயம்தான்.